டாப்பெட் கவர் கசிவு: வீட்டு வாசலில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள்

பெங்களூரு ஜோகுபாளையாவில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டின் போர்ட்டிகோவில், கார் நிற்கும் இடத்தில், கடந்த நவம்பர் மாதம் ஒரு ரூபாய் நாணய அளவில் கறுப்புப் பொட்டு ஒன்று விழுந்திருந்தது. முதல் நாள் அதை நான் பொருட்படுத்தவில்லை. ஒரு வாரத்தில் அது உள்ளங்கை அகலத்துக்குப் பரவிவிட்டது. வீட்டுக்கார அம்மா என்னைக் கூப்பிட்டுக் காட்டி, "கிரானைட் கல்லும்மா, ஆயில் உள்ளே இறங்கிட்டா அப்புறம் போகாது" என்றார். அவர் சொன்னது சரிதான். மெருகேற்றாத கிரானைட் எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும். அதே நாட்களில் இன்னொன்றையும் கவனித்திருந்தேன். மாலையில் வேலை முடிந்து திரும்பும்போது டிரினிட்டி சிக்னலில் இரண்டு மூன்று நிமிடம் நின்றால், காருக்குள் எரிந்த எண்ணெயின் வாடை மெல்ல வரும்; வண்டி நகர்ந்ததும் மறைந்துவிடும்.

எங்கள் வண்டி 13 ஆண்டுப் பழையது. 1.2 லிட்டர், நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின். அப்போது 92,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. பக்கத்திலிருந்த ஒரு பணிமனைக்குக் கொண்டுபோனேன். வண்டியை லிஃப்டில் ஏற்றி, அடியில் டார்ச் அடித்துப் பார்த்து, ஆயில் சம்ப் (எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) ஈரமாக இருக்கிறது என்றும், அதைக் கழற்றி மறுபடி ஒட்ட வேண்டும் என்றும், ஒருவேளை கியர்பாக்ஸை இறக்கிப் பின்பக்க கிராங்க் சீலையும் (கிராங்க் தண்டைச் சுற்றி ஆயிலைத் தடுக்கும் ரப்பர் வளையம்) மாற்ற வேண்டியிருக்கலாம் என்றும் சொன்னார்கள். எல்லாம் சேர்த்து 14,000 ரூபாய்க்கு மதிப்பீடு எழுதித் தந்தார்கள். பானெட்டை யாரும் திறக்கவில்லை.

என் மாமனார் ஜாலஹள்ளி எச்.எம்.டி. இயந்திரத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மதிப்பீட்டுத் தாளைக் கண்ணாடி போட்டுக்கொண்டு முழுவதும் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "மேலே பார்த்தாங்களாம்மா?" இல்லை என்றேன். "ஆயில் மேலேருந்துதான் கீழே வரும். கீழே மட்டும் பார்த்துட்டு எப்படிச் சொல்றது?" என்று தாளை மடித்துக் கொடுத்தார். நான் அதுவரை வண்டியில் வைப்பர் பிளேடும் ஏர் ஃபில்டரும் மட்டுமே மாற்றியிருக்கிறேன். கசிவு எங்கிருந்து என்று நாமே கண்டுபிடித்துவிட்டால், சரிசெய்வதை வெளியில் கொடுப்பதா வீட்டில் செய்வதா என்பதைப் பிறகு முடிவுசெய்துகொள்ளலாம் என்று மாமா சொன்னதால் துணிந்தேன்.

முதலில் சொட்டுவது என்ன என்பதை உறுதிசெய்துகொண்டோம். வண்டிக்கு அடியில் சொட்டும் எல்லாமே எஞ்சின் ஆயில் அல்ல. ஏ.சி. ஓடிய பிறகு விழுவது வெறும் தண்ணீர். கூலன்ட் பச்சையாகவோ சிவப்பாகவோ இருக்கும், தொட்டால் பிசுபிசுக்கும், இனிப்பான வாடை அடிக்கும். பிரேக் ஆயில் சக்கரத்துக்கு அருகிலோ பிரேக் மாஸ்டர் சிலிண்டருக்குக் கீழேயோ விழும், நிறம் வெளிறியிருக்கும். அதைக் கண்டால் வண்டியை எடுக்கவே கூடாது. எங்கள் பொட்டை வெள்ளைத் துணியில் ஒற்றிப் பார்த்தபோது கரும்பழுப்பாக இருந்தது, ஆயில் அளவு பார்க்கும் குச்சியான டிப்ஸ்டிக்கைத் துடைத்த துணியில் இருந்த அதே நிறம், அதே வாடை.

அதற்குப் பிறகு ஒரு குளிர்பதனப்பெட்டி அட்டையைப் பிரித்து எஞ்சினுக்குக் கீழே விரித்து, முன்சக்கரங்கள் இரண்டும் எங்கே நிற்கின்றன என்று அதில் சாக்பீஸால் கோடு போட்டோம். மறுநாள் காலையில் ஏழு சொட்டு விழுந்திருந்தது. ஏழும் ஓட்டுநர் பக்கச் சக்கரத்திலிருந்து ஒரு சாண் உள்ளே, ஒரே இடத்தில். சுமார் 20 சொட்டு சேர்ந்தால் ஒரு மில்லிலிட்டர் என்பதால், நிற்கும்போது இரவுக்கு மூன்றில் ஒரு பங்கு மில்லிலிட்டர்தான் போகிறது. 1,000 கிலோமீட்டர் ஓடியும் டிப்ஸ்டிக்கில் கண்ணுக்குத் தெரிந்த இறக்கம் இல்லை. அவசரப்படத் தேவையில்லை என்ற தைரியம் இந்தக் கணக்கிலிருந்துதான் வந்தது. இதுவே வாரத்துக்கு வாரம் டிப்ஸ்டிக் இறங்கும் கசிவாக இருந்திருந்தால், ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருப்பது தவறு.

அட்டை காட்டுவது சொட்டு விழும் இடத்தை மட்டுமே. எஞ்சினின் உச்சியில் கசியும் ஆயில் எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டின் ஓரமாக வழிந்து, அதன் கீழுள்ள பிளாக்கின் வரம்புகளில் தேங்கி, வண்டி ஓடும்போது காற்றடித்துப் பின்னால் தள்ளப்பட்டு, கடைசியில் எது தாழ்வோ அங்கே போய்ச் சொட்டுகிறது. சம்ப் எல்லாவற்றுக்கும் கீழே இருப்பதால் எங்கே கசிந்தாலும் அது நனைந்துவிடும். பணிமனையில் பார்த்த ஈரம் பொய்யல்ல. அது வழியின் முடிவு, தொடக்கம் அல்ல.

பானெட்டைத் திறந்து பார்த்தால் 13 ஆண்டுத் தூசியும் ஆயிலும் கலந்த கறுப்புப் படலம் எஞ்சினின் முன்பக்கம் முழுவதும் படிந்திருந்தது. "துடைக்காம பார்த்தா எல்லாமே ஒழுகுற மாதிரிதான்மா தெரியும்" என்றார் மாமா. ஆறிப்போன எஞ்சினில், பழைய பெயின்ட் பிரஷ்ஷையும் தண்ணீரில் கரையும் டிகிரீசரையும் பனியன் வேஸ்டையும் வைத்துக்கொண்டு ஒரு காலைப்பொழுது முழுவதும் தேய்த்தேன். ஆல்டர்னேட்டருக்கும், ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரம் தரும் காயில்களின் கனெக்டர்களுக்கும் பிளாஸ்டிக் பையைச் சுற்றிக்கொண்டேன். குழாயைப் பிடித்துத் தண்ணீர் அடிக்கவில்லை, ஈரத் துணியால்தான் துடைத்தெடுத்தேன். இதற்குப் பெட்ரோலைப் பயன்படுத்துபவர்களைப் பார்த்திருக்கிறேன். மூடிய போர்ட்டிகோவில், பேட்டரி இணைந்திருக்கும் வண்டியில், அது உயிரோடு விளையாடும் வேலை. வண்டிக்கு அடியிலும் நான் போகவில்லை. கீழ்ப்பகுதியை ஒரு சிறிய கைக்கண்ணாடியையும் கைபேசி கேமராவையும் நீட்டித்தான் பார்த்தேன். வண்டியோடு வரும் ஜாக்கி சக்கரம் மாற்றுவதற்கானது, அதை நம்பி ஒருவரும் அடியில் படுக்கக் கூடாது.

எஞ்சின் நன்றாகக் காய்ந்த பிறகு மாமா, வீட்டிலிருந்த டால்கம் பவுடர் டப்பாவை எடுத்து வந்தார். எஞ்சினின் மேல்மூடியான டாப்பெட் கவரின் ஓரம், பக்கவாட்டு மூடியான டைமிங் கவரின் இணைப்புக் கோடு, ஆயில் பிரஷர் ஸ்விட்ச், ஆயில் ஃபில்டரின் கழுத்து, கிராங்க் புல்லியின் பின்புறம் என்று சந்தேகப்பட்ட எல்லா இடங்களிலும் பவுடரை மெல்லத் தூவினோம். வண்டியை எடுத்துக்கொண்டு அல்சூர் ஏரியை இரண்டு சுற்று சுற்றி, திருவள்ளுவர் சிலைக்கு அருகில் எஞ்சினை அணைக்காமல் பத்து நிமிடம் நிறுத்தி வைத்திருந்துவிட்டு வீடு திரும்பினேன். பானெட்டைத் திறந்தபோது, பார்த்துக்கொண்டே இருக்கலாம் போல அவ்வளவு தெளிவாக இருந்தது. வெள்ளைப் பவுடரின் நடுவே, டாப்பெட் கவரின் பின்பக்க ஓரத்தில், மூன்றாவது காயிலுக்கு நேராக, தேநீர் நிறத்தில் ஒரு விரற்கடை நீளத்துக்கு ஈரக்கோடு. அங்கிருந்து நூல் மாதிரி ஒரு தடம் இறங்கி, எரிந்த புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் வெப்பத்தடுப்புத் தகட்டின் மேல் விழுந்து, பழுப்பாகக் கருகியிருந்தது. சிக்னலில் வந்த வாடைக்குக் காரணம் அதுதான். ஓடும்போது காற்று அதை அள்ளிக்கொண்டு போய்விடும். நிற்கும்போது அது மேலெழும்பி, விண்ட்ஷீல்டின் அடியிலிருக்கும் காற்றுவாய் வழியாக உள்ளே வந்துவிடும்.

மற்ற இடங்களில் பவுடர் உலர்ந்தே இருந்தது. பிரஷர் ஸ்விட்ச் உலர்ந்திருந்ததில் எனக்கு மிகுந்த நிம்மதி. அங்கே ஆயில் அழுத்தத்தோடு நிற்பதால் சிறு கசிவும் திடீரென்று பெருகிவிடக்கூடும். கிராங்க் புல்லியின் பின்னால் சீல் போயிருந்தால், சுழலும் வேகத்தில் ஆயில் வட்டமாகச் சிதறி ஒரு வளையக் கோடு விழுந்திருக்கும் என்று மாமா காட்டினார். அப்படி எதுவும் இல்லை.

டாப்பெட் கவர் என்பது எஞ்சினின் மூடி. அதன் அடியில் கேம்ஷாஃப்ட்டும் வால்வுகளும் இயங்குகின்றன; அங்கே தெறிக்கும் ஆயில் வெளியே வராதபடி கவரின் விளிம்பில் உள்ள பள்ளத்தில் ஒரு ரப்பர் பேக்கிங் உட்கார்ந்திருக்கும். ஆண்டுக்கணக்காகச் சூடாகி, ஆறி, மறுபடி சூடாகும்போது ரப்பர் தன் நெகிழ்ச்சியை இழந்து இறுகிவிடுகிறது, நசுங்கிய வடிவத்திலேயே நின்றுவிடுகிறது. போல்ட்டை மேலும் முறுக்கினால் கசிவு நின்றுவிடும் என்று பலர் நம்புகிறார்கள். இறுகிய ரப்பர் முறுக்கியதும் நிரம்பிவிடாது. அலுமினிய ஹெட்டில் உள்ள மரைதான் பிய்ந்துகொண்டு வரும், அதோடு சிறிய வேலை பெரிய வேலையாகிவிடும். ஆயிலோடு கலந்து ஊற்றும் கசிவு நிறுத்தி பாட்டில்களைப் பற்றியும் மாமாவிடம் கேட்டேன். அவை ரப்பரை ஊதவைத்துத் தற்காலிகமாக அடைப்பவை. 500 ரூபாய்க்குள் புதிய பேக்கிங் கிடைக்கும்போது எஞ்சின் முழுவதிலும் உள்ள சீல்களை எதற்கு ஊதவைக்க வேண்டும் என்பதுதான் அவருடைய எண்ணம், என்னுடையதும்.

சனிக்கிழமை ஹலசூரு நிலையத்தில் மெட்ரோ ஏறி, மெஜஸ்டிக்கில் மாறி, கே.ஆர். மார்க்கெட்டில் இறங்கி, வாகன உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜே.சி. ரோட்டுக்கு நடந்தேன். அந்தத் தெருவில் காரை நிறுத்த இடம் தேடுவதைவிட இது எவ்வளவோ மேல். வண்டியின் சேசிஸ் எண்ணை எழுதிக்கொண்டு போனது நல்லதாயிற்று. ஒரே மாடலில் ஆண்டுக்கு ஆண்டு பேக்கிங் மாறியிருந்தது. கடைக்காரர் தமிழிலேயே, "ஒரிஜினலா, லோக்கலாம்மா?" என்று கேட்டார். இரண்டையும் கையில் வாங்கிப் பார்த்தேன். லோக்கல் பேக்கிங்கின் ஓரத்தில் அச்சிலிருந்து வந்த பிசிறு அப்படியே இருந்தது, மூலைகளில் வளைவு சரியாக இல்லை. பேக்கிங் 480 ரூபாய், ஸ்பார்க் பிளக் குழிகளைச் சுற்றி வரும் நான்கு ரப்பர் வளையங்கள் தனியாக 260, இடுக்குகளை அடைக்கும் பசையான சாம்பல் நிற ஆர்.டி.வி. சிலிக்கான் டியூப் ஒன்று 220. பி.சி.வி. வால்வும் வேண்டும் என்று மாமா சொல்லி அனுப்பியிருந்தார், அது 350.

வால்வு எதற்கு என்று நானும் கேட்டேன். சிலிண்டரில் எரியும் வாயுவில் கொஞ்சம் பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கீழே இறங்கிவிடும். அதை இந்தச் சிறிய வால்வு வழியாக எஞ்சினே மறுபடி உறிஞ்சி எரித்துவிடுகிறது. வால்வு பிசினால் அடைபட்டுவிட்டால் உள்ளே அழுத்தம் ஏறி, எந்த ரப்பர் பலவீனமோ அதன் வழியாக ஆயிலை வெளியே தள்ளும். புதிய பேக்கிங் போட்டு மூன்று மாதத்தில் மறுபடி கசிகிறது என்று சொல்பவர்கள் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். எங்கள் வால்வைக் கழற்றிக் காதருகே வைத்து ஆட்டினேன். நல்ல வால்வு உள்ளே கலகலவென்று சத்தமிடும். எங்களுடையது ஊமையாக இருந்தது.

ஞாயிறு காலை ஏழரைக்குத் தொடங்கினோம். இரவு முழுவதும் நின்ற எஞ்சின் கைக்குக் குளிர்ச்சியாக இருந்தது. பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றி, ஏர் ஃபில்டர் பெட்டியை எடுத்து, ஒவ்வொரு கட்டத்திலும் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டேன். காயில் கனெக்டர்களின் பிளாஸ்டிக் நாக்கு வெப்பத்தில் உலர்ந்து அப்பளம் போல ஆகியிருந்தது. இழுக்காமல், நாக்கை அழுத்திப் பிடித்து முதலில் உள்ளே தள்ளி, பிறகு மெல்ல வெளியே எடுத்ததால் நான்கும் உடையாமல் வந்தன. எந்தக் காயில் எந்தச் சிலிண்டருடையது என்று வெள்ளை மார்க்கரால் எண் போட்டேன். மூன்றாவது காயிலைத் தூக்கியபோது அதன் ரப்பர் உறை ஆயிலில் ஊறி வழுவழுவென்று வந்தது. குழிக்குள் டார்ச் அடித்தால் ஸ்பார்க் பிளக்கின் பாதி உயரத்துக்கு ஆயில் நின்றிருந்தது. அப்படியே பிளக்கைக் கழற்றினால் அந்த ஆயில் முழுவதும் சிலிண்டருக்குள் இறங்கிவிடும். பழைய பனியன் துணியை நீளமாகக் கிழித்து ஸ்க்ரூ டிரைவரில் சுற்றி, நான்கைந்து முறை விட்டு விட்டு ஒற்றியெடுத்து, துணி உலர்ந்து வரும்வரை விடவில்லை.

கவரைப் பிடித்திருந்தவை 10 மில்லிமீட்டர் தலை கொண்ட சிறிய போல்ட்டுகள். ஓரங்களிலிருந்து நடுவை நோக்கி, ஒவ்வொன்றையும் கால் சுற்று, அரைச் சுற்றாகத் தளர்த்தினேன். ஓர் அட்டையில் கவரின் வடிவத்தை வரைந்து, கழற்றிய போல்ட்டுகளை அதே இடங்களில் குத்தி வைத்தார் மாமா. அவற்றில் இரண்டு மற்றவற்றைவிட நீளம், இடம் மாறினால் வம்பு. கவர் சுலபத்தில் எழும்பவில்லை. ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பினால் ஹெட்டின் சமதளத்தில் கீறல் விழும், அந்தக் கீறலே அடுத்த கசிவுக்கு வழியாகும். ரப்பர் சுத்தியால் பக்கவாட்டில் மூன்று தட்டு தட்டியதும் "பொக்" என்று ஒரு சத்தத்தோடு விட்டுக்கொடுத்தது.

பழைய பேக்கிங்கைப் பள்ளத்திலிருந்து உரித்தேன். அது ரப்பராக வரவில்லை, துண்டு துண்டாக ஒடிந்து வந்தது. ஒரு துண்டை விரல்களுக்கிடையில் வைத்து வளைத்தபோது காய்ந்த புளியங்கொட்டைத் தோல் மாதிரி படக்கென்று முறிந்தது. புதியதை எடுத்து முடிச்சுப் போடுவது போல வளைத்தேன், விட்டதும் தன் வடிவத்துக்குத் திரும்பிவிட்டது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் 13 ஆண்டு வெப்பம் என்பது எனக்குக் கைக்குத் தெரிந்தது.

மாமா, வீட்டிலிருந்த கண்ணாடி மேசையின் மேல் விரித்திருந்த பழைய துண்டை நீக்கிவிட்டு, துடைத்த கவரை அந்தக் கண்ணாடியின் மேல் கவிழ்த்து வைத்தார். இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள் கொண்ட ஃபீலர் கேஜிலிருந்து 0.1 மில்லிமீட்டர் தகட்டை எடுத்து, விளிம்பைச் சுற்றி ஒவ்வொரு விரற்கடையாக நுழைத்துப் பார்த்தார். எங்கும் நுழையவில்லை. கவர் வளைந்திருந்தால் எந்தப் பேக்கிங் போட்டும் பயனில்லை என்பதால் இந்தச் சோதனை. வீட்டில் கண்ணாடிப் பலகை இருக்கும் யாரும் செய்யலாம். நான் அதற்குள் ஹெட்டின் மேல்தளத்தைச் சுத்தம் செய்யத் தொடங்கியிருந்தேன். திறந்த எஞ்சினுக்குள் ஒரு நூல்கூட விழக்கூடாது என்பதால் கேம்ஷாஃப்ட் பகுதியைச் சுத்தமான துணியால் மூடிக்கொண்டு, ஒட்டியிருந்த துகள்களைப் பிளாஸ்டிக் ஸ்கிரேப்பரால் சுரண்டி, பிரேக் கிளீனர் நனைத்த துணியால் துடைத்தேன்.

ஹெட்டும் டைமிங் கவரும் சந்திக்கும் இரு மூலைகளில் மட்டும் சிலிக்கான் இட வேண்டும். இரண்டு உலோகங்களும் அங்கே ஒரே மட்டத்தில் இருப்பதில்லை. மயிரிழைப் படி ஒன்று இருக்கும், ரப்பர் மட்டும் அதை நிரப்பாது. அந்த மூலைகளில் அரிசி மணி அளவுக்கு வைத்தால் போதும். விளிம்பு முழுவதும் சிலிக்கானைப் பிதுக்குவது நம் ஊர்ப் பழக்கமாகவே ஆகிவிட்டது, அது எனக்கு வருத்தம் தருகிறது. உள்பக்கம் பிதுங்கிய சிலிக்கான் காய்ந்து உதிர்ந்து, சம்பின் அடியில் ஆயில் உறிஞ்சும் வலையில் போய் அடைத்துக்கொண்டால், எஞ்சினே ஆயில் இல்லாமல் தேய்ந்துவிடும்.

போல்ட்டுகளை முறுக்குவதில்தான் மாமாவும் நானும் சற்று வாதாடினோம். எங்களிடம் இருந்த, முறுக்கும் அளவைக் காட்டும் அரை அங்குல டார்க் ரெஞ்ச் 28 நியூட்டன் மீட்டரில்தான் தொடங்குகிறது. வண்டியின் பழுதுபார்ப்புக் கையேடு இந்தப் போல்ட்டுகளுக்குக் கேட்பதோ 8 நியூட்டன் மீட்டர். நாற்பது ஆண்டுக் கைக்கு அளவு தெரியும் என்றார் மாமா. தெரியும்தான், ஆனால் முறுக்கப்போவது என் கை. கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். 10 சென்டிமீட்டர் நீளக் கைப்பிடியின் நுனியில் 8 கிலோ எடை தொங்கினால் ஏறக்குறைய அந்த அளவு வரும். சிறிய ராட்செட்டின் கைப்பிடியில் 10 சென்டிமீட்டர் அளந்து டேப் ஒட்டி, அந்த இடத்தில் லக்கேஜ் எடை பார்க்கும் கொக்கித் தராசை மாட்டி, கைப்பிடிக்குச் செங்குத்தாக இழுத்து 8 கிலோ காட்டியதும் நிறுத்தினேன். நடுவிலிருந்து ஓரங்களை நோக்கி, முதல் சுற்றில் 4 கிலோ, இரண்டாம் சுற்றில் 8 கிலோ. ஸ்க்ரூ டிரைவர் பிடிப்பது போல விரல்களால் முறுக்கும் பலத்தைவிட அது சற்றுத்தான் அதிகம் என்பதை அப்போது உணர்ந்தேன். தராசு இல்லாதிருந்தால் நிச்சயமாக இரண்டு மடங்கு முறுக்கியிருப்பேன்.

புதிய பி.சி.வி. வால்வைப் பொருத்தி, மற்றவற்றைப் படங்களைப் பார்த்து மாட்டி, சிலிக்கான் காய்வதற்காக மறுநாள் மாலைவரை எஞ்சினை முடுக்காமல் விட்டோம். அந்தச் சிலிக்கான் காற்றிலுள்ள ஈரத்தை எடுத்துத்தான் இறுகுகிறது. டிசம்பர் மாதத்து உலர்ந்த குளிரில் டியூபில் எழுதியுள்ள 24 மணி நேரத்தைக் குறைக்கக் கூடாது. திங்கள் மாலை முடுக்கியபோது எஞ்சின் சீராக ஓடியது. மேனிஃபோல்டில் தங்கியிருந்த பழைய ஆயில் பத்து நிமிடம் புகைந்து அடங்கியது.

வியாழக்கிழமை காலையில் அட்டையில் ஒரு சொட்டு இருந்தது.

ஒரே ஒரு சொட்டு. ஆனால் அட்டை புதியது, சொட்டும் புதியது. மறுபடி பவுடர் தூவி ஓட்டிப் பார்த்ததில், பழைய இடம் முழுக்க உலர்ந்திருந்தது. ஈரம் இப்போது டைமிங் கவரின் பக்கத்து மூலையில். அடுத்த ஞாயிறு எல்லாவற்றையும் மீண்டும் கழற்றினேன். காரணம் கையோடு கிடைத்தது. அந்த மூலையின் இடுக்கில், தொழிற்சாலையில் இட்ட பழைய சிலிக்கானின் ஒரு செதில், நகத்தின் பிறை அளவுக்கு, ஒட்டிக்கொண்டே இருந்தது. நான் புதியதை அதன் மேலேயே வைத்திருந்தேன். காய்ந்த சிலிக்கானின் மேல் புதிய சிலிக்கான் சரியாகப் பிடிக்காது. பிடித்தது போலத் தெரியும், வெப்பத்தில் விட்டுவிடும். முதல் ஞாயிறு டார்ச்சை ஒரே பக்கத்திலிருந்து அடித்துப் பார்த்ததால் அந்தச் செதில் நிழலில் மறைந்துவிட்டிருக்கிறது. இம்முறை மூங்கில் பல்குச்சியின் நுனியைத் தட்டையாகச் சீவி, இடுக்கில் விட்டு, விரல் நகத்தால் தடவிப் பார்த்தால் எதுவும் தடுக்காத வரைக்கும் சுரண்டினேன். ஒரு மூலைக்கு முக்கால் மணி நேரம் ஆனது. புதிய பேக்கிங் ஒரு வாரம்கூட ஓடியிருக்கவில்லை, வெட்டோ நசுங்கலோ இல்லாமல் நெகிழ்வாகவே இருந்ததால் துடைத்து அதையே இட்டோம். மாமா இந்தமுறை பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாரே தவிர, எதையும் தொடவில்லை. தராசில் 8 கிலோ காட்டி நான் நிறுத்திய கடைசிப் போல்ட்டை மட்டும் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "சரிம்மா, விடு" என்றார்.

ஆயில் ஊறிய துணிகளைப் பற்றி ஒரு வார்த்தை. அவற்றைக் குப்பையிலும் போடவில்லை, கழுவிய நீரைச் சாக்கடையிலும் விடவில்லை. பயன்படுத்திய ஆயில் 2016ஆம் ஆண்டு விதிகளின்படி அபாயகரமான கழிவு. இந்த ஊரில் மழைநீர்க் கால்வாய்களோ ஏரிகளில் போய்ச் சேருகின்றன. டிகிரீசர் கலந்த கறுப்புத் தண்ணீரைத் தகர டின்னில் பிழிந்து, துணிகளைத் தனிப்பையில் கட்டி, பழைய ஆயிலைச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் ஒரு சர்வீஸ் நிலையத்தில் கேட்டுக்கொண்டு கொடுத்தேன். பணம் எதுவும் வாங்கவில்லை.

இப்போது 1,600 கிலோமீட்டர் ஓடியாகிவிட்டது. முதல் மாதம் தினமும், அதன் பிறகு வாரம் ஒருமுறை அட்டையைப் பார்க்கிறேன்; சுத்தமாக இருக்கிறது. டிரினிட்டி சிக்னலில் நின்றாலும் வாடை இல்லை. மூன்றாவது பிளக்கின் குழியை ஒருமுறை திறந்து பார்த்தேன், உலர்ந்திருக்கிறது. மொத்தச் செலவு 1,310 ரூபாய், டிகிரீசரும் பிரேக் கிளீனரும் நீங்கலாக. தரையிலிருந்த கறைக்குச் சமையல் சோடாவைத் தண்ணீரில் களி போலக் குழைத்து ஒரு விரல் கனத்துக்கு அப்பி, பிளாஸ்டிக் தாளால் மூடி ஒரு நாள் வைத்தேன். எடுத்தபோது சோடா பழுப்பாகியிருந்தது, கறை பாதியாகக் குறைந்திருந்தது. வீட்டுக்கார அம்மா தினமும் வந்து பார்த்துவிட்டுப் போகிறார். இரண்டாம் பூச்சு நேற்றிரவு போட்டிருக்கிறேன், நாளைக் காலையில் எடுக்க வேண்டும்.